குளிரவேண்டிய அறை

கள்ளி சாய்ந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நேராகத்தான் நின்றது, அருட்பிரகாசத்துக்கு நல்ல நினைவு. இன்று ஜன்னல் கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டு, பஸ்ஸில் நித்திரையாகிப்போன பிரயாணியைப் போல நின்றது. அடித்தண்டை முள்ளுக்கு நடுவால் மெல்ல அமத்திப் பார்த்தார். கல்லுப் போல இருக்கவேண்டியது, கனிந்த பப்பாசிப்பழம் மாதிரி உள்ளே போனது. இருபத்திரண்டு வருஷமாக ஒஸ்லோவில் பஸ் ஓட்டி, எந்தப் பனி வழுக்கலிலும் ஒரு கிழவியைக்கூட விழுத்தாத மனிதர், ஒரு சாண் கள்ளியைக் கொன்றுவிட்டோமே என்று நின்ற இடத்திலேயே வேர்த்துப்போனார். அறையும் சூடாக இருந்தது.

அது மகள் கிறிஸ்ரியின் அறை. ஜன்னல் திண்டில் பதினொரு கள்ளிகள். பந்து போல உருண்டவை, நரைமயிர் படர்ந்தவை, விரல் விரலாகக் கிளம்பியவை. சாய்ந்து கிடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. பதினொரு வயதில் ஸ்டோவ்னர் சென்டர் கடைத்தொகுதியில் அழுது அடம்பிடித்து வாங்கி, குரோருட் வீடுவரை ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். மற்றப் பிள்ளைகள் நாய்க்குட்டி கேட்ட வயதில் இவள் முள்ளுக்கு ஆசைப்பட்டாள். அப்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் அருட்பிரகாசம்தான்.

சிரிப்பு போன தைமாதத்தில் நின்றது. ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்கு, "மகள் டொக்டருக்குப் படிக்கிறா" என்று சொன்னார். கிறிஸ்ரி அந்தப் படிப்பை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு செடிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மிக மரியாதையாக, "இல்லை அங்கிள், நான் மரக்கண்டு விக்கிறன். அப்பாவுக்குச் சொல்ல வெக்கம்" என்றாள். வீட்டுக்கு வந்து இந்த அறை வாசலில் நின்றுதான் அவர் வாய்க்கு வந்தபடி கத்தினார். கண்மண் தெரியாமல் கையை வீசினார். மூத்த கள்ளி நிலத்தில் விழுந்து, சட்டி சிதறியது. அடுத்த கிழமையே கிறிஸ்ரி ஸ்தவாங்கர் பக்கம் ஒரு பெரிய கண்ணாடிக்கூட்டுத் தோட்டத்தில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வெளியே அப்போது பதினாறு பாகை உறைகுளிர். கள்ளிகளைக் கொண்டுபோனால் வழியிலேயே செத்துவிடும், வசந்தம் வரட்டும் என்று தாயிடம் சொன்னாளாம். வசந்தம் வந்தது, கோடையும் வந்து போனது, அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் தாயோடு தொலைபேசியில் கதைப்பாள். அந்த நேரம் அருட்பிரகாசம் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, செய்தி பார்ப்பதுபோல இருப்பார். ஒரு நாளாவது தன் பெயர் வருமா என்று காது, தாய் நின்று கதைக்கும் குசினிப்பக்கமே கிடக்கும்.

அவள் போன அன்று, யாருக்கும் தெரியாமல், அவள் ஒரு காகிதத்தில் கிடத்திவிட்டுப் போன அந்தக் கள்ளியை எடுத்து நட்டவர் அவர்தான். வேறு சட்டி கிடைக்கவில்லை. தன்னுடைய தேத்தண்ணிக் கப்பை எடுத்தார். கிறிஸ்ரி பள்ளிக்கூடத்தில் அவருக்காகச் சிவப்புப் பஸ் கீறிக் கொடுத்த கப். பஸ்ஸுக்கு ஐந்து சில்லு. அதற்குள் கள்ளியை நட்டதில் தன்னளவில் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டதாகவே நினைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், பூசை முடிந்து மனைவி மரியரஞ்சனி மாதா சங்கக் கூட்டத்துக்கு நின்றுவிட, இவர் முதல் ஆளாக வீட்டுக்கு வந்து பதினொன்றுக்கும் தண்ணீர் விடுவார். பச்சைத்தண்ணி இந்த நாட்டில் ஐஸ் போல இருக்கும், பாவம் என்று இளஞ்சூடாக்கி விடுவார். இவ்வளவு பார்த்தும் ஏன் இப்படி ஆயிற்று?

சாய்ந்த கள்ளியை நிமிர்த்தக் கையை நீட்டியபோதுதான் கப்புக்குப் பின்னால் அது கண்ணில் பட்டது. நீலநிறத்தில், கிரீடம் போல வெட்டிய சின்னப் பிளாஸ்ரிக் மூடி. கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம், அது லூர்து மாதா உருவப் போத்தலின் மூடி. போன வருஷம் யாத்திரை போய் மரியரஞ்சனி கொண்டுவந்த தீர்த்தம். வீட்டில் காய்ச்சல் வந்தால்கூட அதில் நாலு துளிக்கு மேல் தரமாட்டாள்.

மூன்று மணிக்கு மனைவி வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, அவர் அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நடையில் நின்றார்.

"இது கிறிஸ்ரியின்ரை அறைக்கை கிடந்தது."

மரியரஞ்சனி மூடியைப் பார்த்தாள், திறந்துகிடந்த அறையைப் பார்த்தாள். ஒரு சப்பாத்தோடேயே உள்ளே போனாள்.

"ஐயோ அந்தோனியாரே! இதுக்கு என்ன நடந்தது?" பிறகு குரல் இறங்கியது. "நான் வியாழக்கிழமையளிலை மட்டுந்தான்... நீங்கள் பின்னேர வேலைக்குப் போன பிறகு."

"நான் ஞாயிற்றுக்கிழமையளிலை" என்றார் அவர்.

"நீங்களுமோ?"

இருவரும் கையும் களவுமாகப் பிடிபட்ட கள்ளர் போல ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பத்து மாதம் ஒரே வீட்டில், ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, மற்றவருக்கு மனம் கல்லாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். மரியரஞ்சனிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அது பாதியில் அழுகையாக மாறியது.

"குளிர் காலத்திலை தண்ணி விடக்கூடாதெண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவள். வாயில்லாச் சீவன், எப்பிடியப்பா விடாமல் இருக்கிறது?"

"தெரிஞ்சுகொண்டே ஊத்தினீரோ?"

"அது தண்ணியில்லை, தீர்த்தம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தாள். மகளிடம் கேட்கத்தான்.

"பொறும். நான் கேக்கிறன்" என்றார் அருட்பிரகாசம்.

தன் தொலைபேசியில் கிறிஸ்ரியின் பெயரைத் திறந்தார். கடைசிச் செய்தி தைமாதம், அந்தக் கலியாணத்துக்கு இரண்டு நாள் முந்தியது: 'அப்பா வரேக்கை பால் வாங்கிக்கொண்டு வாங்கோ. லெட்மெல்க், கொழுப்புக் குறைஞ்சது.' எத்தனையோ தரம் பஸ் தரிப்பில் நிற்கும்போது அதைத் திறந்து பார்த்து, ஒன்றும் எழுதாமல் மூடியிருக்கிறார். அவள் பேசாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கேட்காதவரைக்கும் அவள் மறுக்கவில்லை என்றாவது இருக்கும் அல்லவா? இன்று நோர்வேயில் தந்தையர் தினம் வேறு. காலையில் பூசைக்கு வந்த பிள்ளைகள் தகப்பன்மாரோடு படம் எடுத்தபோது அவர் ஜாக்கெட் மாட்டும் இடத்தில் போய் நின்றுகொண்டார். எழுதினார், அழித்தார். கள்ளியைப் படம் எடுத்துப் போட்டு, கீழே இப்படி எழுதினார்:

'மகள், உம்முடைய பெரிய கள்ளி அழுகிப்போச்சு. பிழை என்னிலைதான். என்ன செய்யிறது?'

மரியரஞ்சனி எட்டி வாசித்துவிட்டு அவர் தோளில் கையை வைத்தாள்.

செய்தி போய்ச் சேர்ந்தது. அவள் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக்கோடும் விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. கீழே பள்ளத்தாக்கில் ஒரு ரயில் போனது, இன்னொன்று வந்தது. நாலு மணிக்கு முன்னமே இருட்டத் தொடங்கியது. அருட்பிரகாசம் கட்டில் விளிம்பில் இருந்து அந்தச் சின்னத் திரையையே பார்த்தார். கடைசியில் அது ஒளிர்ந்தது.

'ஏன் கப்புக்குள்ளை வைச்சீங்கள்? அதிலை ஓட்டை இல்லையெல்லோ, தண்ணி எப்பிடிப் போகும்?'

'சட்டியை நான் உடைச்சபடியாலை' என்று எழுதினார்.

பிறகு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 'கூரான கத்தி எடுங்கோ. சுடுதண்ணியிலை கழுவுங்கோ. அழுகல் முடியிற இடத்துக்கு மேலை வெட்டுங்கோ. வெட்டின இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கோ.'

மரியரஞ்சனி மீன் வெட்டும் கத்தியைக் கழுவிக் கொண்டுவந்தாள். பழைய துவாயால் கள்ளியின் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வெட்டினார். வெட்டுமுகத்தின் நடுவில் மண்ணிறத்தில் ஒரு வளையம். படம் போனது.

'இன்னும்.'

இன்னொரு துண்டு. வளையம் சிறுத்திருந்தது, போகவில்லை.

'இன்னும்.'

"இனி வெட்ட என்ன கிடக்கு?" என்றாள் மரியரஞ்சனி. ஒரு சாண் கள்ளி ஐந்து விரல் அளவுக்கு வந்துவிட்டது. அருட்பிரகாசத்துக்கு வெட்ட மனமில்லை. பதினாலு வருஷம் வளர்ந்ததைத் தன் கையாலேயே சீவித் தள்ளுவதா? ஆனால் அவள் சொல்கிறாள். அவள் வேலை இதுதான், அவளுக்குத் தெரியும். அந்த நினைப்பு வந்தபோது அவருக்குப் பெருமையாக இருந்தது. அதைக் கலியாண வீட்டு மேசையில் நினைத்திருக்கலாம். மூன்றாந்தரம் கத்தியை வைத்தார். உள்ளே வெள்ளரிக்காய் போல இளம்பச்சை, ஒரு கறையில்லை.

படம் போன மறுகணமே பதில் வந்தது.

'காணும். இனி வெட்டவேண்டாம்.'

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். மரியரஞ்சனிதான் அடுத்த செய்திகளை வாசித்துச் சொன்னாள். மிஞ்சிய துண்டைக் காகிதத்தில் நிறுத்தி வைக்கவேண்டும். வெட்டுக்காயம் ஆற மூன்று நாலு கிழமை. அதுவரை மண்ணும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். மற்றப் பத்துக்கும் பங்குனி மாதம்வரைக்கும் சொட்டுத் தண்ணி வேண்டாம். கடைசியில் ஒரு கேள்வி: 'அறை எத்தினை டிகிரி?'

அவர் சுவர் ஹீட்டரைப் பார்த்து எழுதினார்: '22.'

'அதை நிப்பாட்டுங்கோ. குளிர்காலத்திலை குளிரிலை நித்திரை கொண்டாத்தான் அதுகள் பூக்கும்.'

"அது ஏலாது" என்றாள் மரியரஞ்சனி. ஹீட்டருக்கு முன்னால் போய் நின்றாள். "நான் நிப்பாட்டமாட்டன். அவள் திடீரெண்டு வந்து நிண்டா, இந்தக் குளிருக்கையோ படுக்கிறது?"

ஆளில்லாத அறைக்குப் பத்து மாதமாக ஏன் சூடு போகிறது என்று அருட்பிரகாசம் ஒருநாளும் கேட்டதில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை. அந்தச் சூடு இருக்கும்வரை மகள் நாளைக்கே வரலாம். அதை அணைப்பது, இந்தக் குளிருக்கு அவள் வரமாட்டாள் என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்வதற்குச் சமம். அவருக்கும் அது வலித்தது.

"ரஞ்சி" என்றார். "அவள் வரேக்கை இதுகள் உயிரோடை இருக்கவேணுமெல்லோ."

மரியரஞ்சனி விறுக்கென்று வெளியே போனாள். கோபம் என்று நினைத்தார். அலுமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது தாடைவரை மறைக்கும் உயரத்துக்கு ஒரு தடித்த இறகுப் போர்வையைச் சுமந்துகொண்டு வந்தாள். கிறிஸ்ரியின் கட்டிலில், ஏற்கனவே மடித்துக் கிடந்த போர்வைக்கு மேல் அதை விரித்து, நாலு மூலையையும் இழுத்துச் சரிசெய்தாள்.

"இப்ப நிப்பாட்டுங்கோ."

அவர் குனிந்து குமிழைத் திருகினார். ஹீட்டரின் சின்னச் சிவப்பு வெளிச்சம் அணைந்தது. உள்ளே இரும்பு ஆறும் சத்தம் டிக், டிக் என்று கேட்டது. கதவைச் சாத்திவிட்டுப் போகலாம், ஆனால் இரண்டு பேரும் போகவில்லை. தடித்த போர்வையின் மேலேயே பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

தொலைபேசி மறுபடியும் ஒளிர்ந்தது.

'அப்பா, கையிலை முள்ளுக் குத்தினதே?'

பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். மூன்று முள், மயிர் போல மெல்லியவை. 'இல்லை' என்று எழுதினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தார்.

'ஓம், குத்தினது.'

'டேப் ஒட்டி இழுங்கோ. அம்மாவைப் பிடிச்சுவிடச் சொல்லுங்கோ.'

மரியரஞ்சனி டேப்பை வாயால் கடித்து அறுத்தாள். அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, பெருவிரலில் ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். ஜன்னல் திண்டில் பழைய ஞாயிறு மலர் ஒன்றின்மேல் மூன்று விரல் உயரத்தில் அந்தக் கள்ளித்துண்டு நிமிர்ந்து நின்றது. பக்கத்தில், கழுவிக் கவிழ்த்த கப்பில் ஐந்து சில்லுப் பஸ் தலைகீழாக நின்றது. கண்ணாடியின் கீழ்மூலையில் மெல்லிய பனிப்புகார் படியத் தொடங்கியிருந்தது.