சேட்டை வெளியே விட்ட முதலாளி

தருமராசா குனிவதை நிறுத்திவிட்டார். பென்டில் ஹில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மனிதன் குனியாமல் எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கலாம்? அரிசி மூட்டை வந்து இறங்கினால் "தம்பி, நீ பிடி" என்றார். காசுப் பெட்டிக்கடியில் சில்லறை உருண்டால் அதைக் காலால் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, கடையில் வேலைக்கு நிற்கும் கஜீவன் வந்து பொறுக்கும்வரை சிவனே என்று நின்றார். சிட்னிக்கு வந்த நாள் தொட்டு சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, பெல்ட் இறுக்கி, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி விறைப்பாக நின்ற ஆள், இப்போது தொளதொளத்த சேட்டை வெளியே விட்டுக்கொண்டு திரிந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் நாரிப்பிடிப்பு என்றார். அவருடைய மனைவி வதனி அதை நம்பி, தினமும் எண்ணெய் காய்ச்சி முதுகில் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார், பாவம்.

அது நாரிப்பிடிப்பு இல்லை என்று அந்தக் கடையில் அறிந்தவன் கஜீவன் ஒருவன்தான். அறிந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கதவு மணி அடித்தால் திடுக்கிட்டுத் திரும்பினான். தெருவில் பொலிஸ் கார் போனால், அது வளைவில் மறையும்வரை கையிலிருந்த பருப்புப் பாக்கெட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

காட்டியது தருமராசாவேதான். பின்பக்க ஸ்டோர் அறைக்குக் கூட்டிப்போய், தேங்காய்ப்பால் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, புதிதாகப் பிறந்த பிள்ளையைக் காட்டுகிறவர் போலச் சேட்டைத் தூக்கினார். இடுப்பில் கைத்துப்பாக்கி. போன வருடம் ஒருவன் கடைக்குள் புகுந்து அவர் கழுத்தில் கத்தி வைத்து, பெட்டியை வழித்துக்கொண்டு போனவன் போனவன்தான். பொலிஸ் வந்தது, எழுதியது, தேத்தண்ணி குடித்தது, போனது. அதற்குப் பிறகு அவர் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்து, மாதக்கணக்காக ஞாயிறு தவறாமல் போய், லைசென்ஸும் எடுத்துவிட்டார். விளையாட்டுக்கான லைசென்ஸ். வீட்டுப் பெட்டகத்திலிருந்து கிளப்புக்கு, கிளப்பிலிருந்து பெட்டகத்துக்கு, அதுவும் பூட்டிய பெட்டியில் வைத்து மட்டும்தான் கொண்டுபோகலாம். என்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் இந்த நாட்டில் அதற்கு லைசென்ஸ் தரமாட்டார்கள். கடைக்குக் கொண்டுவந்தது பிடிபட்டால் மறியல்தான், கம்பி எண்ண வேண்டியதுதான்.

"பாங்குக் காசு ஏத்துற வானில வாற காவல்காரன் இடுப்பில கட்டிக்கொண்டுதானே வாறான். நான் கட்டினா மட்டும் குற்றமோ?" என்று கேட்டார் தருமராசா. டெக்சாஸில் அவருக்கு ஒரு மச்சான் இருந்தான். அங்கே சேட்டுக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்கே போவார்களாம். முதலாளிக்கு விருப்பமில்லையென்றால், கொண்டுவராதே என்று அவன்தான் வாசலில் போர்ட் மாட்ட வேண்டுமாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கொண்டுவருகிறவனே முதலாளியாக இருந்தால் போர்ட்டை யார் மாட்டுவது என்று கஜீவன் யோசித்தான். கேட்கவில்லை.

"உனக்கு உதெல்லாம் பழக்கமாத்தானே இருக்கும்" என்று அவர் கண்ணடித்தார். வன்னியிலிருந்து படகில் வந்தவன் என்றால் இயக்கத்தில் இருந்தவன் என்று எல்லாருக்கும் ஒரே நினைப்பு. இவன் வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டு, வேலை செய்யலாம் என்ற அனுமதியோடு இந்தக் கடையில் மிளகாய்த்தூள் நிறுத்துக்கொண்டிருந்தான். பாதுகாப்பு விசாரணை முடிவு இன்னும் வரவில்லை. அதில் சரிவராதவர்கள் முகாமுக்குள்ளேயே கிடந்தார்கள், எப்போது வெளியே வருவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. விசாரித்த அதிகாரி துப்பாக்கியைப் பற்றி ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட்டார். துவக்கு வைத்திருந்தாயா, தூக்கினாயா, தொட்டாயா? இல்லை, இல்லை, இல்லை. அது பொய்யுமில்லை. சண்டையின் கடைசி வருடம் இயக்கத்துக்காரர் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்தான். பயிற்சிக்கென்று மரத்தில் செய்த துவக்கைத் தந்து ஓடவிட்டார்கள். உண்மையானது கைக்கு வருமுன் தப்பி ஓடிவந்து, அம்மா வெட்டிய பங்கர்க் குழிக்குள் கிடந்தான். ஊரே துவக்கும் கையுமாக நின்ற காலத்தைத் தொடாமல் கடந்து வந்தவன் அவன். அந்த ஒரு 'இல்லை'தான் அவனிடமிருந்த ஒரே சொத்து.

வேலையை விட்டுவிட்டுப் போகலாம்தான். எங்கே போவது? விசாவைப் பார்த்ததும் எல்லாரும் கையை விரித்தபோது, "நாளைக்கே வா" என்று சொன்னவர் இந்த மனிதன். அறைக்குக் கட்டில் வாங்கிப் போட்டவரும் இவர்தான். அவரைக் காட்டிக்கொடுக்க மனம் வருமா? வதனி அக்காவிடமாவது சொல்லிவிடுவோம் என்று ஒவ்வொரு காலையும் வாய்வரை கொண்டுவந்த சொல்லை, அக்கா தந்த தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினான்.

ஆயுதபூசை வந்தது. கடைக்குள் மேசை போட்டு, வெள்ளை விரித்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் தராசு, இறைச்சி வெட்டும் கத்தி, சாமான் ஏற்றும் வானின் திறப்புச் சாவி எல்லாவற்றையும் வதனி கழுவித் துடைத்து வைத்தார். அவர் சந்தனம் குழைக்கப் பின்னால் போன நேரம் பார்த்து, தருமராசா இடுப்பிலிருந்ததை எடுத்துச் சிவப்புப் பட்டுத் துண்டில் சுற்றித் தராசுக்குப் பின்னால் வைத்துக் கும்பிட்டார். கஜீவனைப் பார்த்து, "இதுவும் ஆயுதம்தானே" என்றார். பிறகு மாலை வாங்கப் போய்விட்டார். சாமிக்கு வைத்ததை யாரும் தொடமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைக்கத் தொட்டுத்தானே ஆக வேண்டும், அதை வைக்கப்போவது யார் என்பது அந்த மனிதனின் மண்டையில் ஏறவேயில்லை.

கஜீவன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அவல் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்து ஊரான கிரவீனிலிருந்து வாடிக்கையாக வரும் இராஜேஸ்வரி அன்ரி மரக்கறிப் பக்கத்தில் வெண்டிக்காயை ஒவ்வொன்றாக நுனி முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வதனி சந்தனக் கிண்ணத்தோடு வந்து தராசுக்குப் பொட்டு வைத்தார், கத்திக்கு வைத்தார். பட்டுத் துண்டைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. புருஷன் ஏதோ வாங்கி ஒளித்துவைத்திருக்கிறார் என்று நினைத்திருப்பார். அவன் "அக்கா" என்று சொல்லி முடிக்குமுன் விரித்து, கையில் எடுத்துவிட்டார்.

அவருக்குக் கத்தக்கூட வரவில்லை. கீழே வைக்கவும் தெரியவில்லை, வெடித்துவிடும் என்ற பயம். சந்தனம் பூசிய விரல்கள் வழுக்கின. துப்பாக்கிக் குழாய் முனை ஆடி ஆடி, மரக்கறிப் பக்கத்தில் முதுகு காட்டி நின்ற அன்ரியிடம் போய், திரும்பி, கஜீவனிடம் வந்தது.

"தம்பி, இதைப் பிடி. என்ர கை வழுக்குது."

அவன் கை தானாகவே நீண்டது. நீண்ட கையைக் கண்டு அவனே பயந்துபோய் இழுத்துக்கொண்டான். ஏப்ரனின் கீழ் முனைகள் இரண்டையும் பிடித்துத் தூக்கி, தொட்டில் போல விரித்து, அவர் கைக்குக் கீழே கொண்டுபோனான்.

"இதுக்குள்ள வையுங்கோ அக்கா. மெதுவா. விரலை வெளியில எடுங்கோ."

அவர் வைத்தார். வைத்துவிட்டுக் கதிரையில் தொப்பென்று இருந்து, சத்தமில்லாமல் அழத் தொடங்கினார். நாரிப்பிடிப்பு நாரிப்பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்த கையால் தலையில் அடித்துக்கொண்டார். கஜீவன் ஏப்ரனை ஏந்தியபடி நின்றான். இன்னும் தொடவில்லை என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். அந்த அதிகாரி இப்போது வந்து கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. துணியினூடாக அந்தக் கனம் தொடையில் இடித்தது.

தருமராசா மாலையோடு உள்ளே வந்தார். மனைவியைப் பார்த்தார், கலைந்த பட்டைப் பார்த்தார், அவனுடைய ஏப்ரனைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. மாலையை மேசையில் போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"தா தம்பி."

"இது இனிக் கடைக்கு வராதெண்டு அக்காவுக்கு முன்னால சொல்லுங்கோ அண்ணை."

"உனக்கு ஆர் வேலை தந்தது?"

"நீங்கள்தான்."

ஏப்ரன் முனைகளை அவன் விடவில்லை. தருமராசா நீட்டிய கையை மடக்கவில்லை. வதனி அழுகையை நிறுத்திவிட்டுப் புருஷனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெண்டிக்காய்ப் பையோடு இராஜேஸ்வரி அன்ரி பூசை மேசையடிக்கு வந்தார். படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு ஏப்ரனைக் குவித்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் கஜீவனிடம் திரும்பி, "பூசை முடிஞ்சுதோ பிள்ளை? எனக்கும் கொஞ்சம் அவல் போடு" என்று வலது கையைக் குழித்து அவன் மடிக்கு நேரே நீட்டினார்.