எரவாணத்தில் செருகாத கத்தி

மலாயாவிலிருந்து தம்பி நாகராசு வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அதில் ஏழு நாள் அய்யாக்கண்ணு அவனுக்கு முதுகு காட்டி உட்காரவில்லை.

காரணம் ஒரு கத்தி. வந்த மறுநாள் வீடு கூட்டிய அய்யாக்கண்ணுவின் பெண்சாதி மூக்காயி, தம்பியின் தகரப்பெட்டியில் துணிக்கு அடியில் மெழுகுசீலையில் சுருட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டாள். ஒரு சாண் நீளம். நுனி மட்டும் மடங்கி, வெட்டுவதற்குமில்லாமல் குத்துவதற்குமில்லாமல் இருந்தது.

“இது குடல உருவுற கத்திங்க.”

“வாய மூடுடி. ரப்பர் மரத்துல பால்வெட்டுனவன். தொழில் கத்தியா இருக்கும்.”

“தொழில் கத்தின்னா எரவாணத்துல செருக வேண்டியதுதான? பகல்ல பெட்டிக்குள்ள, ராத்திரி படுக்கையில தலைமாட்டுலயா வப்பாக? நான் பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

அந்தப் பக்கத்தில் அருவாளை யாரும் மறைப்பதில்லை. கொல்லை வேலைக்குப் போகிறவன் தோளில் மாட்டிக்கொண்டு போவான். வந்ததும் கூரை விளிம்பான எரவாணத்தில் செருகுவான். அடுத்தவன் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே போட்டுவிட்டுத்தான் குனிந்து நுழைவான். வெளியே தெரிகிற இரும்பு வேலைக்கு. ஒளித்த இரும்பு ஆளுக்கு.

ஒன்றரை ஏக்கர் கடலைக்கொல்லை இருவருக்கும் பொது. தம்பி மலாயா போன பன்னிரண்டு வருசமாக அய்யாக்கண்ணு ஒருத்தனே உழுது தின்கிறான். போன மாசியில்தான் வடக்குத் தெருவில் பங்குச் சண்டையில் ஓர் அண்ணன்காரன் தலை போனது.

எட்டாம் நாள் சாயங்காலம் தம்பி மெல்லச் சொன்னான்: “அண்ணே, நாளைக்கு ஆலங்குடி போயிட்டு வருவமா? ஒரு பேச்சு இருக்கு. வீட்டுல வேணாம்.”

ஆலங்குடியில் பத்திர ஆபீஸ் இருந்தது. போகிற வழியில் ஒரு மைலுக்கு முந்திரிக்காடும் இருந்தது.

காலையில் அய்யாக்கண்ணு எரவாணத்திலிருந்து அருவாளை உருவித் தோளில் மாட்டினான்.

“அது எதுக்குண்ணே?” நாகராசின் முகம் செத்துப்போனது.

“கருக்கு மழுங்கிப் போச்சு. பட்டறையில குடுக்கணும்.”

“ரோட்டுல, பஸ்ஸுல எல்லாம் இதோடயா வரப்போறே?”

“ஏன், ஒனக்கு இடைஞ்சலா இருக்கா? நீ முன்னால நட.”

“மூத்தவன் நீ போண்ணே.”

“நடடான்னா!”

காட்டுக்குள் தம்பியின் முதுகையும் இடுப்பு மடிப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடியே நடந்தான். மடி புடைத்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

காடு முடிந்து ரோடு தெரிந்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் நாகராசு சட்டென்று திரும்பினான். அண்ணன் தோளிலிருந்த அருவாளைப் பிடுங்கி, பக்கத்து முள்ளுப்புதருக்குள் விட்டெறிந்தான்.

என் தோள்ல இருந்ததப் பிடுங்கியாச்சு, இனி மடியில இருக்கிறது வெளிய வரும். அய்யாக்கண்ணு அப்படித்தான் நினைத்தான். ஓங்கி ஒரு அறை விட்டான். தம்பி சுருண்டு விழுந்தான். உதடு கிழிந்தது.

சத்தம் கேட்டுப் போலீஸ்காரர்கள் வந்தார்கள். நாகராசு எழுந்து முட்டி போட்டான். இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொண்டான்.

“அய்யா, அருவா என்னோடதுங்க. அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. அவர விட்டுருங்க.”

பெரிய மீசைக்காரர் மற்றவரைப் பார்த்தார். “எந்த அருவாடா?”

“புதருக்குள்ள எறிஞ்சுட்டேங்க.”

“அருவாள எறிஞ்சுட்டு வெரலாலயா வெறகு வெட்டப் போறே? ஏய்யா, ஒன் தம்பிக்குக் கிறுக்கா?” அவர் சிரித்தார். “இந்தத் தாலுகாவுல அருவா இல்லாமக் காட்டுக்குள்ள வர்றவனத்தான்டா நான் சந்தேகப்படணும். சரி, களவுபோன ரெண்டு செவலைக் காளை இங்கிட்டுப் போச்சா?”

“இல்லீங்க,” என்றான் அய்யாக்கண்ணு.

சைக்கிள்கள் போய்விட்டன. நாகராசு இன்னும் கையை இறக்கவில்லை.

“எறக்குடா. என்ன கூத்து இது?”

“மலாயாவுல காட்டுக்குள்ள பதுங்குன கம்யூனிஸ்டுக்காரனுக்கும் சர்க்காருக்கும் சண்டைண்ணே. ரோட்டுல பட்டாளத்தான் நிறுத்தித் தடவுவான். தோட்டத்துக்குள்ள கையில கத்தி இருந்தாக் கூலி. அதே கத்தியோட ரோட்டுல நின்னாக் கைதி. எங்க கூலிவீட்டு லயத்து ஆவுடையப்பன் மறந்து மடியில வச்சுக்கிட்டு டவுனுக்குப் போனாரு. லாரியில ஏத்துனாங்க. ரெண்டு வருசமா ஆளக் காணோம். அதுலருந்து பகல்ல ஒளிச்சு, ராத்திரி பயத்துக்குத் தலைமாட்டுல வச்சே பழகிருச்சு.”

“இப்ப அந்தக் கத்தி எங்க?”

“பெட்டியில. ரோட்டுக்கு எடுத்தாருவேனா?”

“ஆலங்குடிக்கு எதுக்கு?”

நாகராசு உதட்டு ரத்தத்தைத் துடைத்தான். “பங்கு கேக்கத்தான். மதினி முன்னால கேட்டா வீடு ரெண்டாயிரும்னு பாத்தேன்.”

நினைத்ததில் பாதி சரிதான். அய்யாக்கண்ணு காறித் துப்பினான்.

“பங்க வாயால கேளு. திரும்புனதும் அந்தக் கத்திய எரவாணத்துல செருகு.”

புதருக்குள் கையை விட்டு அருவாளை இழுத்தான். முழங்கை வரை முள் கீறியது. அதைத் தம்பியிடம் நீட்டினான்.

“தோள்ல மாட்டிக்க. ஊரு பாக்குற மாதிரி.”

நாகராசு ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தான். வாங்கி மாட்டிக்கொண்டான்.

அய்யாக்கண்ணு ஆலங்குடி ரோட்டில் முன்னால் நடந்தான். பின்னால் தம்பியின் காலடி சரளையில் சரக்சரக்கென்று நெருங்கி வந்தது. பிடரி கூசியது. திரும்பிப் பார்க்காமலே நடந்தான்.