ஒரு பக்கம் மட்டும் மாற்றலாம்

1

இந்தக் கதைக்கு என் கையில் இருக்கும் முதலீடு ஒரே ஒரு காட்சிதான். நகல் எடுத்து பைண்டிங் போட்டுத் தரும் கடையில் வேறு வேலையாக நின்றிருந்தேன். தாள்கட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மயக்கம் இல்லை, அழுகையும் இல்லை. லாரியில் சுமை ஏற்றி முடித்தவர்கள் உட்காருவார்களே, அப்படி.

கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பக்கம் குறையுதா?" என்றார்.

"இல்லண்ணே. எல்லாம் இருக்கு."

அவ்வளவுதான். என் முறை வந்தது, வாங்கிக்கொண்டு போய்விட்டேன். அவள் ஏன் உட்கார்ந்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் யாரிடமாவது சொல்லிவிட்டு என் பிழைப்பைப் பார்த்திருப்பேன். தெரியாததால் எழுதவேண்டியிருக்கிறது. இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தூறல் விழுந்த அந்தப் பிற்பகலில், கனவுகளைச் சுமந்தபடி அவள்—"

வேண்டாம். நான் வளர்ந்த இடத்தில் செங்கல் சுமந்தார்கள், சிமெண்டு மூட்டை சுமந்தார்கள், வீட்டுக்கு வந்து தண்ணீர் சுமந்தார்கள். கனவைச் சுமந்து தோள் காய்த்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது: "மனித மனத்தின் சோர்வை அளந்துவிட முடியும் என்று நம்பிய ஒருத்தி—" கருத்தரங்கில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறவர் குரல் கேட்கிறது. இதுவும் வேண்டாம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறாள். வேலை நேரம் போக மிச்சத்தில் உளவியலில் முதுகலை படிக்கிறாள். இன்று ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கடைசி நாள். ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று. இன்று அலுவலகம் மூடுவதற்குள் கொடுக்காவிட்டால் பதிவே காலாவதி. கொடுத்துத் தேறிவிட்டால், மருத்துவமனையில் ஆலோசகருக்கு உதவியாளர் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் என்ன என்பது, நாளெல்லாம் நின்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

3

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். கூடத்தில் இரண்டு பக்கம். ஈரப் பக்கத்தில் இயந்திரத்திலிருந்து துணியை இழுத்து வண்டியில் போடவேண்டும். நனைந்த விரிப்பு பிணம் மாதிரி கனக்கும். காய்ந்த பக்கத்தில் மடிப்பு மட்டும்தான். இவளுடைய அக்கா ஈரப் பக்கம். இருவரும் வேலைக்குச் சேர்ந்த அன்று மேஸ்திரி இவளைத்தான் அங்கே நிறுத்தினார். "அவ படிக்கிற புள்ள சார், நான் நின்னுக்கிறேன்" என்று அக்கா இடம் மாறிக்கொண்டாள். அன்றிலிருந்து மாறவேயில்லை.

ஆய்வின் தலைப்பு, உடல் உழைப்பும் சோர்வும். வல்லுநர்கள் முன்பே தயாரித்து வைத்த ஒரே கேள்வித்தாளைச் சலவைக்கூடத்துப் பெண்களும் அலுவலக எழுத்தர்களும் நிரப்பவேண்டும். யாருக்குச் சோர்வு அதிகம் என்று ஒப்பிடவேண்டும். கேள்விகளில் இரண்டு வகை. "நாள் முடியும்போது யாரோடும் பேசப் பிடிக்கவில்லை" என்பது நேர்க் கேள்வி. "காலையில் எழும்போது உடம்பு லேசாக இருக்கிறது" என்பது எதிர்க் கேள்வி. படிக்காமலேயே ஒரே வரிசையில் டிக் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. கூட்டும்போது எதிர்க் கேள்விகளின் மதிப்பெண்ணைத் தலைகீழாகத் திருப்பிவிட வேண்டும். இதைக் கணினி செய்துவிடும். கேள்வியின் எண்ணைக் கொடுத்தால் போதும்.

அசல் தாளில் முதல் கேள்வியே, "எனக்குள் மிச்சம் எதுவும் இல்லை என்று தோன்றுகிறது." சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கப்போகும் ஒருத்தியிடம் போய் முதலில் இதையா நீட்டுவது? அவளுக்கு மனசு வரவில்லை. மென்மையான கேள்விகளை முன்னால் இழுத்து, கனமானவற்றைப் பின்னால் தள்ளினாள்.

கூடத்தில் அவளுக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர்.

"ஏய் ஆராய்ச்சி, இதுக்கு மார்க் உண்டா?"

"மார்க்கெல்லாம் இல்லக்கா. உங்களுக்குத் தோணுறதப் போடுங்க."

"எனக்குத் தோணுறதப் போட்டா உன் காலேஜ மூடிடுவாங்க."

"உடம்பு லேசா இருக்கான்னு கேட்டிருக்காளே," என்றாள் இன்னொருத்தி, "யாரு உடம்பு?"

"உன் வீட்டுக்காரர் உடம்பா இருக்கும். அதுதான வேலைக்குப் போகாம லேசா கெடக்கு."

சிரித்துக்கொண்டே நிரப்பிக் கொடுத்தார்கள்.

வரிசையை மாற்றியவள், மாற்றிய எண்களைக் கணினிக்குச் சொல்ல மறந்துபோனாள். அது பழைய எண்களைப் பிடித்துத் திருப்பியது. திருப்பவேண்டியவை நேராக நின்றன. நேராக நிற்கவேண்டியவை தலைகீழாயின. ஒன்றை ஒன்று தின்று, கடைசியில் எல்லாரும் நடுவில் வந்து நின்றார்கள். முடிவு: கடும் உழைப்பாளிகளுக்கும் எழுத்தர்களுக்கும் சோர்வில் வேறுபாடு இல்லை.

(இரக்கத்தில் செய்த தவறு என்று ஒரு வாக்கியம் இங்கே எழுதியிருந்தேன். வாசகருக்கு அவள்மேல் பரிவு வரட்டும் என்ற தந்திரம். எடுத்துவிட்டேன். தவறு தவறுதான்.)

4

கடையில் பின்னிணைப்பைச் சரிபார்க்கும்போது, அவள் கொடுத்த கேள்வித்தாளும் அசல் தாளின் மதிப்பெண் குறிப்பும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தன. தனித்தனியாக எத்தனையோ முறை பார்த்தவைதான். சேர்த்துப் பார்த்தது இப்போதுதான். உட்கார்ந்துவிட்டாள். நான் பார்த்தது இந்த இடம்.

தரையில் இருந்தபடியே வழிகாட்டிப் பேராசிரியரைப் போனில் கூப்பிட்டாள்.*

"சார், தப்பாயிடுச்சு சார். கேள்வி வரிசைய மாத்தினேன்ல? நம்பர் மாத்தல. எல்லாம் தலைகீழாக் கூட்டியிருக்கு."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. "யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்குத்தான் சார்."

"இப்ப எனக்கும். ஏம்மா எங்கிட்டச் சொன்ன?"

"நீங்கதானே சார் கைடு."

"கைடுதாம்மா. கடவுள் இல்ல. திரும்பக் கூட்டினா ரெண்டு அத்தியாயம் போச்சு. நீ எழுதி, நான் படிச்சு, கையெழுத்துப் போட்டு… ஆபீஸ் மூடுறதுக்குள்ள ஆகிற காரியமா?" பெருமூச்சு. "குறைபாடுகள்னு ஒரு பக்கம் இருக்குல்ல? அதுல ஒரு வரி சேர்த்துடு. 'கேள்விகளின் வரிசையை மாற்றியது முடிவுகளைப் பாதித்திருக்கலாம்.' பொய் இல்லையே?"

"பொய் இல்ல சார்."

"அப்புறம் என்ன? குடுத்துட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கும்மா."

* முதல் படியில் இவரை வில்லனாக எழுதினேன். தங்கப் பேனா, ஏளனச் சிரிப்பு, எல்லாம் கொடுத்தேன். மறுபடி படித்தபோது ஆள் நிற்கவில்லை. திருத்தாத தாள்கள் மேசையில் மார்பளவு. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படிக்கிறார். இவள் ஆய்வேட்டையும் அப்படித்தான் படித்தார். 'வேறுபாடு இல்லை' என்பது புதுமையான முடிவு என்று மனசாரப் பாராட்டினார். அவரும் களைத்துப்போனவர். களைத்தவர்களைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை.

5

அடுத்து அக்காவுக்குப் போன் போட்டாள். இங்கே அக்கா கொதித்தெழுவாள் என்றுதான் திட்டமிட்டிருந்தேன். 'எங்க ஒழைப்ப இல்லன்னு எழுத நீ யாருடி' என்று ஒரு வசனம்கூடத் தயார். சலவைக்கூடத்தின் இரைச்சலுக்கு நடுவே அக்கா போனை எடுத்தாள். வசனம் வீணாயிற்று.

"சத்தமாப் பேசுடி, ஒண்ணும் கேக்கல."

"ஒனக்கும் ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கும் ஒரே அளவு அலுப்புதான்னு எழுதிட்டேங்கா! தப்பா எழுதிட்டேன்!"

கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, அதுக்கு இப்ப என்ன?"

"என்னவா?"

"நீ இல்லன்னு எழுதினா என் தோள்வலி போயிடப் போவுதா? இருக்குன்னு எழுதினா மொதலாளி வந்து தைலம் தேய்க்கப் போறாரா? குடுத்துட்டு வா. வருஷக்கணக்கா இந்தக் கருமத்தச் சுமந்தாச்சு. நீ மட்டுமா சுமந்த?"

"அக்கா…"

"நீ இங்கேருந்து போயிட்டேன்னா, நானும் மேஸ்திரிகிட்டப் போயி காஞ்ச பக்கம் கேப்பேன். நான் கேட்டா ஒன்னத்தான ஈரத்துல நிறுத்துவாங்க, நீ இருக்கிற வரைக்கும் எப்படிடி கேக்கிறது? வைய்யி, வண்டி வந்துடுச்சு."

இந்தக் கதையில் மிகவும் களைத்தவள் அவள்தான். களைப்பில்லை என்று சொல்லும் தாளைக் கொடுத்துவிட்டு வரச் சொல்கிறவளும் அவளேதான். இதை நான் திட்டமிடவில்லை. எழுதிய பிறகு கொஞ்ச நேரம் பேனாவை மூடிவைத்தேன்.

6

முடிவுகள்.

ஒன்று: ஆய்வேட்டைக் கிழித்து எறிகிறாள். கைதட்டல் கிடைக்கும். ஆனால் நாள்முழுக்கத் துணி மடிப்பவள் அத்தனை தாளைக் கிழிக்கமாட்டாள். அதைப் பொறுக்கிப் பெருக்கவும் தான்தான் குனியவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு: பேராசிரியரின் வரியைச் சேர்த்துக் கொடுக்கிறாள், வேலை கிடைக்கிறது. ஒருநாள் ஆலோசனை அறைக் கதவு திறக்கிறது. சலவைக்கூடத்துப் பெண் ஒருத்தி உள்ளே வந்து, "ரொம்ப அலுப்பா இருக்கும்மா" என்று— இதைக் கடைசி வரை எழுதினேன். நீதி கிடைத்த மாதிரி இனித்தது. அடித்துவிட்டேன்.

மூன்று: நல்ல மனதுள்ள எழுத்தர் ஒருவர் அலுவலகக் கதவை மூடாமல் அவளுக்காகக் காத்திருக்கிறார். அப்படி ஒருவரை நீங்கள் பார்த்திருந்தால் விலாசம் அனுப்புங்கள். நானும் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

7

ஆகவே கடையிலேயே நிற்கிறோம். அவள் எழுந்து, குறைபாடுகள் பக்கத்தை மட்டும் திருத்த வேண்டும் என்று கேட்டாள்.

"ஒரு பக்கம்னா மாத்தலாம்மா," என்றார் கடைக்காரர். "அதுக்கு மேல ஒரு தாளும் தொடாத. பசை காயணும்ல? ஈரத்தோட குடுத்தா ஆபீஸ்ல வாங்கமாட்டான்."

கடைக் கணினியில் உட்கார்ந்தாள். பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. பேராசிரியர் சொன்ன வரியை அடித்தாள். அதன் கீழே, யாரும் சொல்லாமல், இன்னொரு வரி அடித்தாள்: 'மதிப்பெண்களைத் தவறாகக் கூட்டியிருக்கிறேன், இந்த ஆய்வின் முடிவு தவறு.' இந்த வரியோடு போனால் தேர்வாளர் தேற்றலாம், தள்ளுபடி செய்யலாம். பேராசிரியரின் கையெழுத்தும் சேர்ந்தே சந்தி சிரிக்கும். பேராசிரியர் சொன்ன வரியோடு மட்டும் போனால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

"எந்த வரிம்மா இருக்கணும்? ரெண்டும் சேர்ந்தா அடுத்த பக்கத்துக்கு ஓடிடுது பாரு," என்கிறார் கடைக்காரர், வெட்டுக் கத்தியைத் துணியில் துடைத்தபடி.

அவள் திரும்பி என்னைப் பார்க்கிறாள். இதுவரைக்கும் தூக்கிவந்துவிட்டேன். இதற்குமேல் எனக்கு முடியவில்லை. மறுமுனையில் நீங்கள் கைகொடுங்கள். இரண்டில் ஒன்றை அழித்துவிட்டு, அவளை எழுப்பி அனுப்புங்கள், அலுவலகம் மூடப்போகிறது.

எதை அழித்தீர்கள் என்று அக்காவிடம் நான் சொல்லமாட்டேன்.