கண்ணாடி மேஸ்திரியின் நிழல்

லாரி மோதி இறந்துபோன கண்ணாடி மேஸ்திரியின் உடலை அன்றைக்கே எடுத்துப் போய்விட்டார்கள். நிழலைத்தான் எடுத்துப்போக முடியவில்லை. அது சாலையிலேயே கிடந்தது. காலையில் மேற்கே நீண்டு, உச்சி வெயிலில் காலடி அளவுக்குச் சுருங்கி, சாயங்காலம் கிழக்கே ரயில்வே கேட் வரைக்கும் போய், பொழுது சாய்ந்ததும் மற்ற நிழல்களைப் போலவே அடங்கியது. மழை நாளில் வராது. கையில் துணியோடு குனிந்து எதையோ துடைத்துக்கொண்டே இருந்தது. காவல் நிலையத்தில் நிழலுக்கெல்லாம் வழக்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். லாரிக்காரர்கள் கொஞ்ச நாள் ஒதுங்கிப் போனார்கள். பிறகு அதன் மேலேயே ஓட்டினார்கள்.

அது சாதாரணச் சாலை இல்லை. தாருக்குப் பதிலாகச் சூரியத் தகடுகளைப் பதித்து, மேலே கண்ணாடி போட்டு, ஊருக்கே மின்சாரம் தரப்போகிறது என்று திறந்து வைத்த சாலை. தகடுகளைப் பதித்தவர் மேஸ்திரி. அவை எவ்வளவு மின்சாரம் தருகின்றன என்று ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து அளந்த பொறியாளர் அவருடைய மனைவி. அவளை எல்லோரும் மீட்டரம்மா என்றார்கள். திறப்பு விழாவின் மாலை வாடுவதற்குள்ளேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வீட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"தகடு படுத்துக் கெடக்குதுங்க, வெயில் அதுக்குச் சாஞ்சுதான் விழுது. லாரி தாங்கணும்னு கண்ணாடிய வேற தடியா போட்டாச்சு, வெளிச்சத்துல பாதிய அதுவே குடிச்சிடுது. போதாததுக்குத் தூசி."

"தூசிதானே, நான் தொடச்சுக்கறேன்."

"எத்தன நாளைக்குத் தொடப்பீங்க?"

"நீ கொற சொல்றத நிறுத்துற வரைக்கும்," என்று சிரித்தார்.

அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. அவள் நிறுத்தவில்லை. மறுநாளும் அளவு குறைந்திருப்பதாகச் சொன்னாள். அவர் துணியை எடுத்துக்கொண்டு சாலையில் இறங்கினார்.

அன்று லாரி மோதியதற்குப் பிறகு, நிழல் கிடந்த வரிசைத் தகடுகளின் மின்சாரம் இன்னும் குறைந்தது. ஒரு தகட்டில் நிழல் விழுந்தாலே போதும், அதோடு கோத்த மற்றவையும் சோர்ந்துவிடும். காரணம் கேட்ட மேலிடத்துக்கு அவள் "நிழல்" என்று மட்டும் பதில் அனுப்பினாள். மரத்தை வெட்டச் சொன்னார்கள். மரம் இல்லை என்றாள். அதோடு விட்டுவிட்டார்கள். மகள் பிறந்தாள், சாலை ஓரத்தில்தான் நடை பழகினாள். குழந்தையின் கைநிழல் மேஸ்திரியின் கைநிழலைத் தொட்டால் துடைப்பது நின்றுவிடும். மகள் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லி முடிக்கும் வரை அது அசையாமல் கேட்கும். மீட்டரம்மாவும் எத்தனையோ முறை தன் நிழலை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தாள். அவளுக்காக அது ஒருநாளும் நிற்கவில்லை. துடைத்துக்கொண்டேதான் இருந்தது.

தண்டவாளங்களுக்கு நடுவிலும் தகடு பதித்துப் பார்த்தார்கள். பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத்தூள் அவற்றைக் கறுப்பாக்கியது. ரயில் அதிர்ந்ததில் இணைப்புகள் கழன்றன. அந்த மழைக்காலத்தில் பள்ளிக்கூட வேன் ஒன்று ஈரக் கண்ணாடியில் வழுக்கிக் கவிழ்ந்தது. மகளின் வகுப்பில் படித்த ஒரு பெண்ணுக்குக் கால் போயிற்று. மேலதிகாரி வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்னு நீங்க சொன்னா போதும்மா. சாலை இருக்கும். உங்களுக்கும் அதுதானே வேணும்?"

வேண்டும்தான். அன்று முழுக்க அவள் எதுவும் சாப்பிடவில்லை.

"தகட்ட எடுத்துட்டா அப்பா எங்கம்மா போவாரு?" என்றாள் மகள்.

"தெரியலடி."

இது நடைமுறைக்கு ஒத்துவராது, இதே தகட்டைக் கூரையில் சாய்த்து வைத்தால் இரண்டு மடங்கு மின்சாரம் கிடைக்கும், சாலையில் உயிர்தான் போகும் என்று அவள் முடிவு சொன்னாள். பெயர்த்தெடுக்கும் வேலை நடந்த அன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள்.

தகடுகள் ஆஸ்பத்திரிக் கூரைக்குப் போயின. அவள் சொன்னது போலவே நன்றாக வேலை செய்தன. தாயும் மகளும் ஏணி வைத்து ஏறி ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எதிலும் அவர் இல்லை. புதுத் தார்ச்சாலையிலும் இல்லை. மீட்டரம்மா இரண்டாம் முறையும் விதவையானாள். இந்த முறை துக்கம் கேட்க யாரும் வரவில்லை.

பிறகு ஒரு காலை, பள்ளிக்கூடம் போகும் மகளைப் பின்னாலிருந்து பார்த்தபோது, அவளுக்கு இரண்டு நிழல்கள் விழுந்தன. பெரியது சின்னதின் கையைப் பிடித்திருந்தது. பள்ளியில் டீச்சர் அவளுக்கு ஜன்னல் ஓரம் கொஞ்சம் அகலமான இடமாகக் கொடுத்தார். ஊருக்கு அது பழகிப்போயிற்று. மகள் வளர்ந்தாள், படித்தாள், கூரைகளில் தகடு பொருத்தும் கம்பெனி ஒன்றில் தொலைவூரில் வேலை கிடைத்தது. பெட்டி கட்டும்போதுதான் தாய் வாய்விட்டுக் கேட்டாள்.

"அவர மட்டும் இங்க விட்டுட்டுப் போயேன்."

மகள் மடித்த துணியைப் பெட்டியில் வைத்தாள்.

"நான் கூட்டிட்டுப் போகலம்மா. அவராத்தான் வர்றாரு."

ரயில் காலையில் வந்தது. மகள் ஏறினாள், இரண்டு நிழல்களும் படியில் மடங்கி ஏறின. டிக்கெட் பரிசோதகர் கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கூட வர்றவர கொஞ்சம் உள்ள தள்ளி நிக்கச் சொல்லும்மா, கதவ சாத்தணும்" என்றார். நிழல் உள்ளே தள்ளி நின்றது. கதவைச் சாத்தினார்கள். மீட்டரம்மா, ரயில் வளைவு தாண்டிப் போகும் வரை கை அசைத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு நடந்தாள்.