வாசலில் விழுங்கும் மாத்திரை

எங்கள் கட்டட வேலையில் தினமும் காலையில் வாசலில் நிறுத்திக் காய்ச்சல் பார்ப்பார்கள். உடம்பு சுட்டால் அன்றைக்கு உள்ளே விடமாட்டார்கள். அதனால் மேல் காய்கிறவன் அரை மணி நேரம் முன்னாலேயே இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டுத்தான் வரிசைக்கு வருவான். இது எங்களுக்குப் பழகிப்போன வித்தை.

தம்பிக்குக் குதிகாலில் வந்த கறுப்புப் புள்ளி புற்றாகி நுரையீரலுக்கு ஏறிவிட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிடும் மருந்தை மூன்று வாரத்துக்கொரு முறை ஏற்றினார்கள். ஐந்து மாதத்தில் கட்டிகள் பாதியாகச் சுருங்கின. இடையிடையே காய்ச்சல் அடித்தது. வந்தால் உடனே சொல்லவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் போட்டிருந்தது. நாற்பது வயதுக்குமேல் எழுத்துக் கற்றவன் நான். விரல் வைத்துக் கூட்டிப் படித்தேன். படித்தும் சொல்லவில்லை. மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். வாசல் வித்தையையே இங்கேயும் செய்தோம்.

ஏழாம் மாதம் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. சதை எடுத்துச் சோதித்தார்கள். இன்றைக்கு முடிவு.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். “எதிர்ப்பு அணுக்கள் கட்டியைச் சுத்தி நிக்குது. இன்டர்ஃபெரான்னு ஒண்ணை விடுது. அது கூப்பாடு மாதிரி. அதைக் கேட்டா கட்டியோட அணு தன்னைக் காட்டிக் கொடுக்கணும், வளர்றதை நிறுத்தணும். முதல்ல கேட்டுச்சு. இப்ப அது மரபணுவுல மாறிடுச்சு. காதே இல்லாம போச்சு.”

“என் பொண்டாட்டி மாதிரியா டாக்டர்?” என்றான் தம்பி. யாரும் சிரிக்கவில்லை.

“நான் குடுத்த காய்ச்சல் மாத்திரையாலயாம்மா?” என்று கேட்டு, இத்தனை மாதம் மறைத்த காய்ச்சல்களைச் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. “இந்த மாத்தம் அதனால வரல. ஆனா இந்த மருந்து நுரையீரலையே புண்ணாக்கலாம். காய்ச்சல்தான் சில சமயம் முதல் அடையாளம். அதையா மறைச்சீங்க?”

பிறகு, அந்தக் கூப்பாட்டை மட்டும் நம்பியிராத வேறொரு சிகிச்சை ஆராய்ச்சியில் இருப்பதாகச் சொன்னார். பலிக்கும் என்று உறுதியில்லை. ஒரே ஓர் இடம்தான். காய்ச்சல் இருப்பவரைச் சேர்க்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் போகவேண்டும்.

நர்ஸ் தம்பியின் வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். “தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. நல்லாயிருக்கு.” எழுதப்போனார்.

மேசைக்கடியில் தம்பி என் காலை மிதித்தான். காலையில் நூற்றிரண்டு இருந்தது. பேருந்து ஏறுமுன் நான்தான் இரண்டு மாத்திரை கொடுத்தேன்.

இன்னும் அழுத்தி மிதித்தான். செங்கல் சுமந்த கால், அப்படி ஒரு பாரம்.

“எழுதாதீங்கம்மா,” என்றேன். “அது மாத்திரை காட்டுற கணக்கு.”

பேனா நின்றது.

“கெடுத்துட்டியே அண்ணே,” என்றான் தம்பி. சத்தம்கூடப் போடவில்லை.

டாக்டரம்மா அப்போதே நெஞ்சுப் படத்துக்கு எழுதினார். “முதல்ல இது என்ன காய்ச்சல்னு தெரியணும். வெள்ளிக்கிழமைக்குள்ள அடங்கினா பாக்கலாம்.”

இன்றைக்குப் புதன்.

படம் எடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டது. அவனுக்குக் குளிரில் பல் தந்தியடிக்கிறது. நர்ஸ் கொடுத்த தெர்மாமீட்டரில் பார்த்து, தாளில் நேரத்துக்கு நேரே நான் எழுதுகிறேன்: நூறு. நூற்றொன்று.

“என்ன போட்டிருக்க?” என்றான், என்னைப் பார்க்காமல்.

“உள்ளதைத்தான்டா.”

நான் கழற்றி அவன்மேல் போட்டிருந்த சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.