படிக்கப் போன அணுக்கள்

மனைவியை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பேருந்து ஓட்டுநரான அவன் தன் சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பேசிய பெண் வேலைக்குப் புதிது போலிருக்கிறது. குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"சார், உங்க மனைவியோட செல்கள் ரெடியாகி வந்துடுச்சு! எப்ப அட்மிட் ஆகறாங்க?"

"அவ இல்லம்மா."

"வெளிய போயிருக்காங்களா? பரவால்ல சார், வந்ததும் சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டான். சட்டை தீய்ந்த வாடை வந்த பிறகுதான் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது உறைத்தது.

அவளுக்கு வந்தது ரத்தப் புற்றுநோய். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு. வாய் ஓயாது, கடைக்கு வருகிறவர்களைச் சிரிக்க வைத்தே அனுப்புவாள். முதல் தடவை கீமோவில் நோய் அடங்கியது. முடி வளர்ந்து, சடை போடும் அளவுக்கு வந்த நேரத்தில் திரும்பி வந்தது. டாக்டரம்மா புது வைத்தியம் ஒன்றைச் சொன்னார். அவளுடைய வெள்ளை அணுக்களையே எடுத்து, வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பி, புற்றை அடையாளம் கண்டு அழிக்கிற மாதிரி மாற்றி, பெருக்கித் திரும்ப அவள் உடம்பிலேயே ஏற்றுவது.

இரண்டு கையிலும் குழாய் மாட்டி அணுக்களைப் பிரித்தெடுத்த அன்று அவள் அவனிடம் சொன்னாள்: "பாத்துக்கோ, நான் பத்தாவது தாண்டல. என் அணுவெல்லாம் வெளியூர்ல மேல்படிப்புக்குப் போகுது. திரும்பி வந்து என்னை மதிக்குமோ என்னமோ!"

நர்ஸ் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான்.

அணுக்கள் வரும்வரை நோயைப் பிடித்து நிறுத்தக் கடுமையான மருந்து கொடுத்தார்கள். நோய் நின்றதோ இல்லையோ, உடம்பில் எதிர்ப்புச் சக்தி துளிகூட மிஞ்சவில்லை. காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, போய்விட்டாள்.

போன் வந்த விஷயத்தை மாமனாரிடம் எப்படிச் சொல்வது? குழாய் ரிப்பேர் செய்து மகளை வளர்த்தவர் அவர். தன் மனைவி போன பிறகு மகள் வீடுதான் அவருக்கு வீடு. மகளை அடக்கம் செய்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, அழவும் இல்லை. மூடிவைத்தால் வேறு யாராவது சொல்லித் தெரிந்துவிடும் என்று, இரண்டு நாள் பொறுத்து அவனே சொன்னான்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு மாமா."

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எங்க அக்காவுக்கும் இதேதான் மாப்பிள்ளை. நான் அப்ப சின்னப் பையன். ஈறுல ரத்தம் வரும், உடம்பெல்லாம் நீலம் நீலமா கன்னிப்போகும். ரத்தம் ஏத்தினா நாலு நாள் முகம் தெளியும், திரும்பவும் வெளுத்துடும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆசைப்பட்டதை வாங்கிக் குடுங்கன்னு கைவிட்டுட்டாங்க. அவளுக்கு மருந்தே இல்ல. யாரைக் குத்தம் சொல்றது? என் பாப்பாவுக்கு மருந்து இருந்துச்சே. வந்துக்கிட்டே இருந்துச்சே!"

மறுநாள் இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். அணுக்களை என்ன செய்வதென்று குடும்பம்தான் சொல்ல வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"எங்கிட்டக் குடுத்துடுங்கம்மா. அவ பக்கத்துலயே புதைச்சிடறேன்" என்றார் மாமனார்.

"வேற யாருக்காவது போட முடியுமா?" என்று ஓட்டுநர் கேட்டான்.

"முடியாதுங்க. அவங்களுக்குன்னே செஞ்சது."

"அதெல்லாம் உயிரோட இருக்கா டாக்டர்?" என்று மறுபடி கேட்டான்.

"உறைய வெச்சிருக்கோம். இளக்கினா உயிரோடதான் இருக்கும்."

மாமனார் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்றார் டாக்டர். அணுக்களைத் தயார் செய்ய வாரக்கணக்கில் ஆகிற வேலையைச் சில நாளில் முடிக்கப் பார்க்கிறார்கள்; ஆரோக்கியமானவர்கள் அணுவிலிருந்து முன்கூட்டியே செய்துவைக்கவும் முயற்சி நடக்கிறது. "அது கைகூடினா யாரும் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் சம்மதித்தான். அவள் படுக்கையில் கிடந்து, கதவு திறக்கும்போதெல்லாம் "வந்துடுச்சா?" என்று கேட்டது அவன் காதைவிட்டுப் போகவில்லை.

சில மாதம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். மாமனாரும் கூடவே வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. "நீங்க கேட்டுட்டு வாங்க" என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் நன்றி சொன்னார், ஆராய்ச்சியைப் பற்றி ஏதேதோ சொன்னார். அவன் மனசில் ஒரே கேள்விதான்.

"முன்னாடியே வந்திருந்தா, வேலை செஞ்சிருக்குமா?"

"உடம்புக்குள்ள என்ன ஆகியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க."

"வெளிய வெச்சுப் பாத்தீங்கல்ல? அதைச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அவங்களோட புற்று அணுக்களையும் எடுத்து வெச்சிருந்தோம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டு, மறுநாள் பாத்தோம். புற்று ஒண்ணுகூட மிச்சமில்ல."

அவனுக்கு மனைவி கையைப் பிடித்து இழுத்து இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும்போல இருந்தது. பிறகு, சொல்ல ஆள் இல்லை என்பது புதிதாக ஒருமுறை விளங்கியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஓசை வெளியே கேட்காமல் அழுதான். டாக்டர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தான்.

மாமனார் எழுந்து நின்றார்.

"என்ன சொன்னாங்க?"

"வேலை செஞ்சிருக்காதாம் மாமா."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். எவ்வளவு சீக்கிரம் வந்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காதாம். பாப்பா நோய் அப்படி."

"அப்ப, லேட்டானதால போகல."

"இல்ல மாமா."

கிழவர் அப்படியே உட்கார்ந்தார். மகள் போனதிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. போகிற வருகிற ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவன் அவர் முதுகில் கைவைத்தபடி நின்றான். அழுது ஓய்ந்ததும் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது மாப்பிள்ளை" என்றார்.

கேன்டீனில் டீயும் ரொட்டியும் வாங்கினான். அவர் ரொட்டியை டீயில் தோய்த்துத் தோய்த்து ஒன்றுவிடாமல் சாப்பிட்டார். தன் தட்டையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.