சமையலறை வாசலில் ஒரு நாற்காலி

என் பேஸ் கிட்டாரின் ஒலியில் கனம் போதவில்லை என்று ஆறு மாதமாக மல்லுக்கட்டினேன். கம்பிகளை மாற்றினேன். கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினேன். உள்ளிருந்த ஒயர்களைப் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். ஒவ்வொரு முறையும் வாசித்துப் பதிவுசெய்து, ஸ்பீக்கர்களுக்கு எதிரே அளவு டேப் வைத்து அளந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்து கேட்பேன். தகர டப்பாவைத் தட்டுவது போல இருக்கும்.

"பாத்திரமெல்லாம் அதிருது, கொஞ்சம் குறைங்க!" என்று சமையலறையிலிருந்து மனைவி கத்துவாள். இவளுக்கு என்ன காதோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேற்று பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். நான் தேடிய கனம் அங்கே நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. கிட்டாரில் ஒரு குறையும் இல்லை. அளந்து போட்ட நாற்காலிதான், அறையில் கனத்த ஒலி அமுங்கிப்போகும் தப்பான இடத்தில் இருந்திருக்கிறது.

"ஆறு மாசமா இதைத்தானே சொல்லிட்டு இருக்கேன்" என்றாள்.

நாற்காலியைத் தூக்கிவந்து வாசலில் போட்டு, கண்ணை மூடிக் கேட்டேன். சுகமாக இருந்தது. திடீரென்று மடி கனத்தது. பார்த்தால், ஒரு தட்டு நிறைய வெங்காயம்.

"கேட்டுக்கிட்டே உரிங்க. கண்ணுல தண்ணி வந்தா, பாட்டுக்குன்னு நினைச்சுக்கறேன்."